சாலையோரத் தபால் பெட்டி: எதை வாங்குவது, எப்படி நடுவது? கேள்வி பதில்

அமெரிக்காவில் தனி வீடு வாங்கியவர்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெட்டியும் தூணும் நம் காசு, நம் பொறுப்பு. ஆனால் அது நிற்க வேண்டிய உயரத்தையும் தூரத்தையும் சொல்வது தபால் துறையான யுஎஸ்பிஎஸ். இந்த இரண்டையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

எடிசன், நியூ ஜெர்சி: பழைய பெட்டி துருவேறிக் கதவு தொங்குகிறது. கடையில் 20 டாலருக்கும் பெட்டி இருக்கிறது, 200 டாலருக்கும் இருக்கிறது. அப்படி என்ன வித்தியாசம் அண்ணா?

தகட்டின் கனம், கீல், பூச்சு. முக்கியமாகக் கீல்.

கனத்தை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 24 கேஜ் என்றால் சுமார் 0.6 மி.மீ., 16 கேஜ் 1.5 மி.மீ., 14 கேஜ் 1.9 மி.மீ. பக்கத்துத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். டப்பா மாதிரி உள்ளே போய் வெளியே வந்தால் மெல்லிய தகடு. சாதாரணத் தெருவுக்கு 18 கேஜ் தாராளம். அதைவிடத் தடித்த தகட்டுக்குப் போவது உங்கள் விருப்பம்.

பெரும்பாலான பெட்டிகளில் முதலில் கெடுவது உடம்பு இல்லை, கதவு. மலிவுப் பெட்டியில் கதவை இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரிவெட்தான் தாங்கும். தினம் திறந்து மூட, அந்த ரிவெட்டைச் சுற்றியுள்ள ஓட்டை முட்டை வடிவத்துக்கு நீண்டுவிடும். கதவு கால் அங்குலம் இறங்கும். மேலே இடுக்கு விழும், மழை அதன் வழியாகத்தான் உள்ளே வரும். அதனால் கதவின் முழு அகலத்துக்கும் ஓடும் எவர்சில்வர் கம்பிக் கீல் இருக்கிறதா என்று பாருங்கள். கதவுக்கு மேலே தகடு ஒரு விளிம்பாக நீட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

பூச்சில், துத்தநாகம் பூசிய இரும்பின் மேல் பவுடர் கோட்டிங் இருக்க வேண்டும். வெறும் இரும்பின் மேல் பெயின்ட் என்றால், ஸ்க்ரூவுக்காக நீங்கள் துளை போட்ட இடத்தில்தான் துரு ஆரம்பிக்கும். எந்தப் பெட்டியானாலும் துளையின் விளிம்பில் துத்தநாகப் பெயின்டை ஒரு சொட்டு தடவிவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

வாங்குமுன் கதவில் ‘யு.எஸ். மெயில்’ என்பதோடு போஸ்ட்மாஸ்டர் ஜெனரலின் அங்கீகாரமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாகச் செய்த பெட்டி என்றால் மாட்டுவதற்கு முன் உள்ளூர் போஸ்ட்மாஸ்டரிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

நேப்பர்வில், இல்லினாய்ஸ்: உயரம் 41 முதல் 45 அங்குலம் என்கிறார்கள். எங்கிருந்து எதுவரை அளப்பது?

சாலையின் மேற்பரப்பிலிருந்து பெட்டியின் அடிப்பாகம் வரை. புல்தரையிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. உங்கள் கர்ப், அதாவது சாலையோர விளிம்புக் கட்டை, 6 அங்குல உயரம், புல்லும் அதே மட்டம் என்று வையுங்கள். பெட்டியின் அடி சாலையிலிருந்து 43 அங்குலத்தில் வர வேண்டுமானால் புல்லிலிருந்து 37 அங்குலம்தான். பெட்டிக்கு அடியில் முக்கால் அங்குலப் பலகை போகும். ஆக, தூணிலிருந்து நீண்டு பெட்டியைத் தாங்கும் கையினுடைய மேல்பக்கம் புல்லிலிருந்து 36¼ அங்குலத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது தூரம். கதவின் முகம் கர்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். குழி தோண்டிய பிறகு இதை யோசித்தால் மறுபடி தோண்ட வேண்டியதுதான். பெட்டியைத் தூணில் மாட்டி, அப்படியே புல்லில் படுக்க வைத்து, கதவிலிருந்து தூண் வரை அளந்துகொள்ளுங்கள். அது 16 அங்குலம் என்றால் 7 கூட்டி, கர்பிலிருந்து 23 அங்குலத்தில் தூணின் முன்முகம் வரவேண்டும். உங்கள் தெருவில் கர்பே இல்லையென்றால் தூரத்தை உள்ளூர் போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

வீட்டு எண் குறைந்தது 1 அங்குல உயரத்தில், தபால்காரர் வண்டியிலிருந்து பார்க்கும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்டி வேறு தெருவில் நிற்கிறது என்றால் தெருப் பெயரோடு முழு முகவரி.

கேரி, வட கரோலினா: தூணைச் சுற்றிக் காங்கிரீட் போட வேண்டுமா சார்?

வேண்டாம் என்பதே என் கட்சி. கார் மோதினால் தூண் சாயவோ முறியவோ வேண்டும், கார் நசுங்கக் கூடாது. அதனால்தான் 4க்கு 4 மரத்தூண் அல்லது 2 அங்குல விட்டமுள்ள இரும்பு, அலுமினியக் குழாய் போதும், 24 அங்குலத்துக்கு மேல் புதைக்காதீர்கள் என்கிறார்கள். தடித்த இரும்புக் குழாய், காங்கிரீட் தூண், காங்கிரீட் நிரப்பிய பால் கேன் எல்லாம் கூடாது.

முதலில் 811-க்கு அழையுங்கள். பூமிக்கடியில் ஓடும் எரிவாயு, மின்சார இணைப்புகளை இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். குறித்துக் கொடுக்க ஒருசில நாள் ஆகும், அதுவரை மண்வெட்டியைத் தொடாதீர்கள். பிறகு 10 அங்குல விட்டத்தில், 28 அங்குல ஆழத்துக்குக் குழி. அடியில் 4 அங்குலம் ஜல்லி, தண்ணீர் இறங்குவதற்கு. தூணை நிறுத்தி, பக்கத்துக்குப் பக்கம் மட்டக்கோல் வைத்துப் பார்த்து, மண்ணும் ஜல்லியும் கலந்து 4 அங்குலத்துக்கு ஒருமுறை கெட்டியாக இடியுங்கள். மொத்தக் குழியையும் நிரப்பிவிட்டு மேலே மட்டும் மிதிப்பதால்தான் தூண் மூன்றே மாதத்தில் ஆடுகிறது.

மணல் பூமி, இடித்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது, ஊர் விதியும் தடுக்கவில்லை என்றால் காங்கிரீட்டுக்குப் போகலாம். 4க்கு 4 என்று விற்கும் தூணின் நிஜ அளவு 3½ அங்குலம். 10 அங்குலக் குழியில் 20 அங்குல உயரத்துக்கு நிரப்ப ஏறக்குறைய 0.77 கன அடி தேவை, அதாவது 50 பவுண்டு மூட்டை இரண்டு. மேல்பக்கத்தைத் தூணிலிருந்து வெளியே சரிவாக இழுத்துவிடுங்கள். கிண்ணம் மாதிரி விட்டால் தண்ணீர் தேங்கி, தரைமட்டத்திலேயே மரம் அழுகும்.

மரம் வாங்கும்போது லேபிளில் ‘மண்ணில் படலாம்’ என்ற தரம் இருக்க வேண்டும். அதன் ஆங்கிலப் பெயர் ‘கிரவுண்ட் கான்டாக்ட்’. இப்போது வரும் பதப்படுத்திய மரத்தில் செம்புச் சேர்மம் இருக்கும், அது சாதாரண ஸ்க்ரூவைத் தின்றுவிடும். ஹாட் டிப் கால்வனைஸ்டு, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்க்ரூ, அல்லது எவர்சில்வர் ஸ்க்ரூ போடுங்கள்.

பெட்டிக்கு அடியில் போகும் பலகையைப் பெட்டியின் உள்ளளவைவிடச் சுற்றிலும் ⅛ அங்குலம் குறைத்து அறுங்கள். இறுக்கமாகச் செருகினால் மழையில் மரம் ஊதிப் பெட்டியின் விளிம்பைப் பிதுக்கும்.

வேலை முடிய இரண்டு நாள் ஆகும் என்றால், ஒரு வாளியில் மணல் நிரப்பிப் பழைய பெட்டியை ஒரு கட்டையோடு அதில் நட்டு, அதே இடத்தில் அதே உயரத்தில் வையுங்கள். தபால் நிற்காது.

மினியாபொலிஸ் புறநகர், மினசோட்டா: ஒவ்வொரு குளிர்காலமும் பனி அள்ளும் வண்டி பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போகிறது. கனமான பெட்டி வாங்கினால் தீருமா?

தீராது. அநேகமாக வண்டியின் கத்தி பெட்டியைத் தொடுவதே இல்லை. அது வீசி எறியும் ஈரப்பனிதான் அடிக்கிறது. பெரிய பெட்டி என்றால் அடி வாங்கும் பரப்பும் பெரிது. உங்களுக்குப் பொருத்தம் அடிபட்டால் விலகிச் சுழலும் கை. தூணைச் சாலையிலிருந்து தள்ளி நட்டு, அதிலிருந்து ஒரு கை நீண்டு பெட்டியைத் தாங்கும். பெட்டியின் அடியை 45 அங்குலத்துக்கு ஒட்டியும், கதவை 8 அங்குலத்துக்கு ஒட்டியும் வையுங்கள். தூணில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள். கதவு இறுக்கமாக மூடுகிறதா என்று நவம்பரிலேயே பார்த்துவிடுங்கள். கதவு திறந்து தொங்கினால், வீசும் பனி அதைத்தான் முதலில் பிடுங்கும்.

இன்னொன்று. உங்கள் மாநிலத்தில் நிலம் உறையும் ஆழத்தைக் கட்டட விதி தெற்கே 42 அங்குலம், வடக்கே 60 அங்குலம் என்று கணக்கிடுகிறது. 24 அங்குலத் தூண் அதற்குள்தான் நிற்கிறது, ஆகவே கொஞ்சம் எழும்பத்தான் செய்யும். மேலே அகன்ற காங்கிரீட் கட்டியைப் பனி நன்றாகப் பற்றிக்கொண்டு தூக்கும். ஜல்லி என்றால் தண்ணீர் நிற்காது, பிடிப்பும் குறைவு. ஏப்ரலில் ஒருமுறை உயரத்தை அளந்து பாருங்கள்.

பெட்டிக்கு முன்னும் பின்னும் பனியைத் தள்ளிவைப்பது உங்கள் வேலை. வண்டி நுழைய முடியாவிட்டால் அன்றைக்குத் தபால் வராமல் போகலாம்.

டாம்பா, ஃபுளோரிடா: கடல் பக்கம். இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

உப்புக் காற்றில் அலுமினியம் அல்லது 316 ரக எவர்சில்வர். 304 கூடச் சில இடங்களில் பழுப்பாகப் புள்ளி விழும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கலவை உள்ள கெட்டிப் பிளாஸ்டிக்கும் உங்கள் ஊருக்குச் சரி. அதையே மினசோட்டாவில் வைத்தால் உறைபனியில் ஓர் அடிக்கு விரிசல் விடும்.

அலுமினியப் பெட்டியை எவர்சில்வர் ஸ்க்ரூவால் மாட்டும்போது நைலான் வாஷர் போடுங்கள். பதப்படுத்திய மரத்தின் மேல் அலுமினியம் நேராக உட்காரவும் கூடாது. செம்பும் ஈரமும் சேர்ந்து அதை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். நடுவில் ரப்பர் ஷீட் ஒன்று போதும்.

கேட்டி, டெக்சஸ்: ராத்திரியில் பையன்கள் காரில் போகிறபோதே மட்டையால் அடித்துப் போகிறார்கள். செங்கல் தூண் கட்டிவிடலாமா?

கோபம் நியாயம், ஆனால் அதில் கார் மோதி ஒருவர் இறந்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். பெட்டியைச் சிதைப்பது மத்தியக் குற்றம், 3 வருடம் வரை சிறை உண்டு. போலீஸுக்கும் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவான போஸ்டல் இன்ஸ்பெக்ஷன் சர்வீஸுக்கும் புகார் கொடுங்கள். 14 கேஜ் பெட்டியைச் சாதாரண மரத்தூணில் வைத்தாலே மட்டையடியைத் தாங்கும்.

ஏற்கெனவே செங்கல் தூண் இருந்து கதவு மட்டும் உடைந்திருந்தால் தூணை இடிக்க வேண்டாம். கதவு ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, பழைய பெட்டிக்குள் நுழையும் சிறிய பெட்டியை உள்ளே தள்ளி சிலிக்கான் வைத்து அடைக்கலாம்.

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா: செக் திருட்டுப் பயம். பூட்டுப் பெட்டி வாங்கினால் சாவியைத் தபால்காரரிடம் கொடுக்க வேண்டுமா?

வாங்கிக்கொள்ள மாட்டார், திறக்கவும் மாட்டார். பெட்டியில் கடிதம் போடும் வாயின் வழியாகப் போட்டுவிட்டுப் போவார். அந்த வாய் குறைந்தது 1¾ அங்குல உயரம், 10 அங்குல அகலம் இருக்க வேண்டும். வாங்கியதும் வாய் வழியாகக் கையை விட்டுப் பாருங்கள். கடிதம் விரலில் சிக்கினால் திருடனுக்கும் சிக்கும். உள்ளே சாய்தகடு உள்ளதை எடுங்கள்.

பூட்டுப் பெட்டியைவிட முக்கியம், அனுப்ப வேண்டிய செக்கை உள்ளே வைத்து, எடுத்துப் போகச் சொல்லித் தபால்காரருக்கு அடையாளம் காட்டும் பெட்டியின் கொடியைத் தூக்காமல் இருப்பது. கொடி தூக்கியிருந்தால் உள்ளே கடிதம் இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். செக்கை அஞ்சலகத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் கொடுங்கள். ஊருக்குப் போனால் 3 முதல் 30 நாள் வரை தபாலை நிறுத்திவைக்கச் சொல்லலாம். வரப்போகும் கடிதங்களின் உறைப் படத்தைக் காலையில் அனுப்பும் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’யும் இலவசம்தான்.

ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்: கொடிக்கு நீல நிறம் அடிக்கலாமா? வீட்டுக் கதவும் நீலம்.

கூடாது. நீலம், பச்சை, பழுப்பு, வெள்ளை, மஞ்சள் ஐந்தும் விலக்கு. பளிச்சென்ற ஆரஞ்சை விரும்புகிறார்கள்.

அதே தெருவிலிருந்து: நவராத்திரிக்குக் கொலு அழைப்பை அக்கம்பக்கத்துப் பெட்டிகளில் போட்டுவிட்டு வரலாம்தானே அக்கா?

போடாதீர்கள். தபால்தலை இல்லாத எதையும் அந்தப் பெட்டிக்குள் போடுவது சட்டப்படி அபராதத்துக்குரியது. அழைப்பை வாசலிலேயே கொடுங்கள். செய்தித்தாளுக்குக் கூடத் தூணில் தனிக் குழாய் மாட்டலாம், ஆனால் அது பெட்டியைத் தொடக் கூடாது.