புதுக் காருக்கு பிபிஎஃப் ஒட்டலாமா? சென்னையில் கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

அடுத்த வாரம் டெலிவரி, பெயிண்ட் மேல் ஒட்டும் நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிமை (அதுதான் பிபிஎஃப்) முழு வண்டிக்கும் ஒட்டச் சொல்லி ஷோரூமில் ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டுங்கள். மீதிக் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

நான் மடிப்பாக்கத்திலிருந்து தினமும் ஒரகடம் போய் வருகிறவன். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போனவர்களுக்கு நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று புரியும். தார்ப்பாயை பாதி மூடியும் மூடாமலும் ஜல்லி ஏற்றிக்கொண்டு டிப்பர் லாரிகள் முன்னால் போகும். எவ்வளவு தள்ளி ஓட்டினாலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். கண்ணாடியில் படவில்லையே என்ற நிம்மதியில் அப்போது விட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கழுவும்போதுதான் பானெட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும். என் பழைய வண்டிக்கு ஃபிலிம் கிடையாது. மூன்றே வருஷத்தில் பானெட்டின் முன் விளிம்பு அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. பம்பர் பிளாஸ்டிக், அதனால் பிழைத்தது. பானெட் இரும்பு என்பதால் இரண்டு மழைக்காலத்தில் அந்தப் புள்ளிகள் துருப்பிடித்தன.

காரில் பளபளப்புக்காக மேலே அடிக்கும் கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான். நல்ல ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும், ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும். கல் வந்து அடித்தால் அந்த வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். இதன் பூர்வீகமே அதுதான்: வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க உருவாக்கிய ஃபிலிமிலிருந்து வந்தது. பெயிண்ட் மேல் திரவமாகத் தடவும் செராமிக் கோட்டிங்கை இதற்கு மாற்றாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். அது சில மைக்ரான் இருந்தாலே அதிகம். தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவ வசதி, அவ்வளவுதான். ஜல்லிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போதைய வண்டி கறுப்பு. பானெட், முன் பம்பர், இரண்டு முன் ஃபெண்டர் (முன் சக்கரங்களுக்கு மேலே உள்ள பக்கத் தகடு), பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட், நான்கு கதவுக் கைப்பிடிக் குழிகள். இவ்வளவுக்குத்தான் ஒட்டினேன். நான்காவது வருஷம் ஓடுகிறது. ஃபிலிமில் குத்துப்பட்ட இடங்கள் உண்டு, அடியில் பெயிண்ட் அப்படியே இருக்கிறது. மெல்லிய கீறல் தானாக மறையும் என்பதும் உண்மைதான், வெயில் படவேண்டும். அதற்கு நம் ஊரில் பஞ்சமா? சாவியால் இழுத்த கோடெல்லாம் மறையாது, அது வேறு.

அப்படியானால் முழு வண்டிக்கும் ஏன் வேண்டாம் என்கிறேன்? கதவிலும் டிக்கியிலும் கல் அடிப்பது குறைவு. சென்னையில் கதவுக்கு எதிரி சிக்னலில் இடுக்கில் நுழைகிற பைக்கின் ஹேண்டில்பாரும், பக்கத்து வண்டிக்காரர் படாரென்று திறக்கிற கதவும்தான். கீறலோடு போனால் ஃபிலிம் காக்கலாம். பள்ளம் விழுந்தால் ஃபிலிம் என்ன செய்யும்? டிங்கரிங் செய்யும்போது அந்தப் பக்க ஃபிலிமையும் உரித்துப் போடவேண்டும், அது தனிச் செலவு.

பெயிண்டை நிஜமாகவே கெடுப்பது தினமும் காலையில் வண்டி துடைக்கிற விதம். எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் ஒரே வாளித் தண்ணீர், ஒரே பனியன் துணியோடு பன்னிரண்டு வண்டி துடைப்பார். மெட்ரோ வேலை நடக்கும் ஊரில் ராத்திரி படிகிற புழுதியை ஈரத் துணியால் இழுத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். கறுப்பு வண்டியில் வெயில் படும்போது சிலந்தி வலை போல வட்டம் வட்டமாகத் தெரியும். “முதல்ல தண்ணி ஊத்திடுங்கண்ணே, அப்புறம் துடைங்க” என்றேன். “அப்படிப் பண்ணா நேரமாகும் சார்” என்றார். நியாயம்தானே. மாதம் 200 ரூபாய் கூட்டிக் கொடுத்து, மைக்ரோஃபைபர் துணி இரண்டும் வாங்கிக் கொடுத்தேன். கதவுகள் இன்றும் நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஒட்டுவதென்று முடிவு செய்தால் முதலில் பொருளைப் பாருங்கள். டிபியு என்கிற பாலியூரித்தேன் ஃபிலிம்தான் வேண்டும். பிவிசி மலிவு, ஆனால் சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துவிடும். ஒரு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள், டிபியு நீண்டு திரும்பவும் சுருங்கும்.

அதைவிட முக்கியம் ஒட்டுகிற கை. எனக்கு ஒட்டியவர்கள் ஃபிலிமை வண்டி மேலேயே வைத்து பிளேடால் வெட்டினார்கள். ஹெட்லைட் ஓரமாக முடி அளவுக்கு ஒரு கோடு, பெயிண்டிலேயே விழுந்துவிட்டது. பெயிண்டைக் காப்பாற்றக் காசு கொடுத்து, பெயிண்டிலேயே கத்தி வாங்கினேன்! முன்பே மெஷினில் அளவுக்கு வெட்டி ஒட்டுவார்களா என்று கேளுங்கள். கையால் வெட்டுவதிலும் ஒரு நன்மை உண்டு, விளிம்பை உள்ளே மடித்து ஒட்டமுடியும். ஆனால் தேர்ந்த ஆளாக இருக்கவேண்டும். அவர் போன வருஷம் ஒட்டிய வண்டி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக ஒட்டியது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். இடம் அடைத்த அறையாக இருக்கட்டும். ஜி.பி. ரோட்டில் சீட் கவர் மாட்டுவது போலத் தெருவோரத்தில் செய்கிற வேலை இல்லை இது, ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் அது அங்கேயே குடியிருக்கும்.

பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போடுவதாக இருந்தால் அதை முடித்துக்கொண்டு ஒட்டுங்கள். நான் மாற்றிச் செய்தேன். பானெட்டில் வைத்த குங்குமம் ஃபிலிம் விளிம்பில் இறங்கி, ஒரு சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது. அம்மா அதை நல்ல சகுனம் என்கிறார்.

ஒட்டிய பிறகு உள்ளே நீர்க்கொப்புளம் தெரிந்தால் பதற வேண்டாம், ஓரிரு வாரத்தில் காய்ந்துவிடும். ஒரு வாரம் கழுவாதீர்கள். காக்கை எச்சமும் போர்வெல் தண்ணீர்க் கறையும் ஃபிலிமையும் விடாது, சீக்கிரம் துடைக்கவேண்டும். போலீஸ் பிடிப்பார்களா என்று என் மாமனார் கேட்டார். 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமை. பானெட்டில் ஒட்டுகிற நிறமில்லாத இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று: பட்டி பார்த்து வெளியே பெயிண்ட் அடித்த பாகத்தில் ஒட்டினால், பின்னால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரலாம். கம்பெனிப் பெயிண்ட் அப்படி லேசில் வராது.

ஷோரூமில் முன்பக்கத்துக்கு மட்டும் விலை கேளுங்கள். “முழு பேக்கேஜ்தான் சார்” என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு வெளியே ஒட்டினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அதுவரை டிப்பருக்குப் பின்னால் மட்டும் போகாதீர்கள்.