ஆறு பேர் சேர்ந்து படிக்க எந்தக் கருவி?

வணக்கம். ஆறு பேர் ஒரே நாவலைப் படிக்கிறீர்கள். குட்ரீட்ஸ் (படிக்கும் புத்தகங்களைப் பதிந்துவைக்கும் தளம்) குழு, வாட்ஸ்அப், கூகுள் ஷீட் மூன்றையும் தொடங்கி இரண்டே வாரத்தில் பேச்சு அடங்கிவிட்டது, போதாக்குறைக்கு வேகமாகப் படித்தவர் முடிவையும் சொல்லிவிட்டார் என்கிறீர்கள்.

முடிவு தெரிந்துபோவதுதான் பெரிய வலி. அதற்கு, குட்ரீட்ஸ் போன்ற இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃபில் இருக்கும் 'பட்டி ரீட்' (buddy read, நண்பர்கள் சேர்ந்து படிப்பது) வசதியைப் பாருங்கள். ஒருவர் அறுபதாவது சதவீதத்தில் எழுதிய கருத்து, நீங்கள் அந்த இடத்துக்கு வரும்வரை பூட்டியே இருக்கும். மெதுவாகப் படிப்பவர்கள் பயமில்லாமல் உள்ளே வருவார்கள். எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. குட்ரீட்ஸ் பட்டியலை சிஎஸ்வி (CSV) என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிவிடலாம், பழைய பதிவுகள் போகாது.

சொந்த நூலகத்தைப் பட்டியலிட்டுக் காட்டத்தான் ஆசை என்றால், 2005 முதல் இருக்கும் லைப்ரரிதிங் என்ற தளம் நல்லது. தமிழ்ப் புத்தகங்கள் சிலவற்றை நீங்களே கையால் சேர்க்க வேண்டியிருக்கும். அட்டைப்படம், பதிப்பகம் எல்லாம் ஒருவர் பொறுமையாக ஏற்றினால் அடுத்தவர்களுக்கும் உதவும், தயவுசெய்து செய்யுங்கள்.

சேர்ந்து படிப்பது நாவல் இல்லை, கட்டுரை என்றால் கூகுள் டாக்ஸில் வரிக்குப் பக்கத்திலேயே கருத்து எழுதுவது போதும்.

அப்புறம், பேச்சு அடங்கியதற்குக் கருவி மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். மூன்று இடத்தில் பேசினால் எங்கே எழுதுவது என்ற குழப்பமே ஆளைத் தள்ளி வைத்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருவர், தான் படித்த பகுதியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.