மகளின் ஆசிரியைகளை எப்படி அறிந்துகொள்வது?

கேள்வி: பாம்பனுக்கு அருகே கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். ஐந்தாம் வகுப்புவரை ஊரிலேயே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்த மகளை, இந்த ஆண்டு கன்னியர் நடத்தும் அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பழைய பள்ளி டீச்சர் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். நின்று பேசிவிட்டுப் போவார். இங்கே யாரையும் தெரியவில்லை. சென்ற ஆண்டு என் கணவரைப் படகோடு இலங்கைக் கடற்படை பிடித்துப் போய், ஒரு மாதத்துக்கும் மேல் கழித்தே விட்டார்கள். அதிலிருந்து அப்பா கடலுக்குப் போகும் நாளில் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. 'வகுப்பில் கவனம் இல்லை' என்று டைரியில் இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் எட்டாவதுவரை படித்தவள். நாங்கள் கிறிஸ்தவர்களும் இல்லை. சிஸ்டர்களிடம் எப்படிப் பேசுவது? கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டுமா?

- ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

டைரியில் வந்த அந்த வரியைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு நீங்கள் தயங்கி நிற்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. 40, 50 பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் சத்தம் போடாமல், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை ஓர் ஆசிரியை கவனித்திருக்கிறார். கவனித்ததோடு விடாமல் உங்களுக்கு இரண்டு முறை எழுதியும் இருக்கிறார். அவருக்குத் தெரியாதது காரணம் மட்டுமே. அந்தக் காரணம் உங்களிடம் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என்று உங்களை நீங்களே குறைத்துக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அந்தப் பள்ளியில் எவ்வளவு படித்தவருக்கும் தெரியாத செய்தியைச் சொல்லத்தான் நீங்கள் போகிறீர்கள்.

பழைய பள்ளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியையே எல்லாப் பாடங்களையும் நடத்துவார். பிள்ளையின் முகம் வாடினால் அன்றைக்கே அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். வகுப்பாசிரியைகூட ஒரு நாளில் ஓரிரு பாடவேளைதான் உங்கள் மகளைப் பார்ப்பார். ஆகவே, பழைய டீச்சரைப் போல இங்கே யாரும் விசாரிக்கவில்லை என்றால் அதை அக்கறைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கன்னியர் நடத்தும் பள்ளி என்றதும் சிஸ்டர்களைத்தான் பார்க்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தாளாளராக இருக்கும் சகோதரி நிர்வாகத்தைக் கவனிப்பவர். தலைமையாசிரியை முழுப் பள்ளிக்கும் பொறுப்பானவர். இவர்களுக்கு வணக்கம் சொல்லி அறிமுகமாகிக்கொள்வது நல்லதுதான். ஆனால் கன்னியர்கள் தங்கள் சபையின் ஏற்பாட்டின்படி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறவர்கள். உங்கள் மகளை நாள்தோறும் பார்ப்பவர் வகுப்பாசிரியை. அவர் கன்னியராகவும் இருக்கலாம், கன்னியர் அல்லாத ஆசிரியையாகவும் இருக்கலாம், கிறிஸ்தவர் அல்லாதவராகவும் இருக்கலாம். உதவிபெறும் பள்ளிகளில் இந்த மூன்று வகையினரும் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருப்பது நம் மாவட்டத்தில் சாதாரணம். நீங்கள் தேடிப்போக வேண்டியவர் அவரே. பங்குத்தந்தையிடம் சொல்லி, தெரிந்தவர்களைப் பிடித்து, சிபாரிசோடு போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உங்களுக்கு அது தேவையில்லை. தாய் நேராக வந்து நிற்பதைவிடப் பெரிய அறிமுகம் ஆசிரியைக்கு வேண்டாம்.

டைரியில் அவர் எழுதிய குறிப்புக்குக் கீழேயே, 'உங்களைச் சந்தித்துப் பேச விரும்புகிறேன், எந்த நாளில் எத்தனை மணிக்கு வரலாம்?' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பிழை வருமே என்று அஞ்ச வேண்டாம். நேரம் கேட்காமல் போனால், காலையில் பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் அவசரத்திலோ, மாலையில் பேருந்துக்கு ஓடும் வேளையிலோ அவரைப் பிடிக்க நேரிடும். தீவுக்குள் இருக்கும் பள்ளிகளுக்கு இராமநாதபுரத்திலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பாலம் தாண்டி வந்துபோகும் ஆசிரியைகள் உண்டு. ஒரு பேருந்தை விட்டால் வீடு சேர இருட்டிவிடும் என்ற நினைப்போடு நிற்பவரிடம் மனம்விட்டுப் பேச முடியாது.

சந்திக்கும்போது மதிப்பெண்ணில் தொடங்காதீர்கள். 'போன வருஷம் இவ அப்பாவைக் கடல்ல பிடிச்சிட்டுப் போயிட்டாங்க டீச்சர். அதுலேருந்து அவர் தொழிலுக்குப் போற அன்னைக்கு இவளுக்கு மனசு நிலையா இருக்காது' என்று, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொல்லுங்கள். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் படகு போகும் நாட்கள் எவை, எப்போது கரை திரும்பும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் பாடம் கேட்காதபோது எழுப்பி நிறுத்தாமல், அருகில் சென்று மெல்லக் கூப்பிட அவரால் முடியும். கடலோரப் பள்ளியில் இதே பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் மகள் ஒருத்தியாக மட்டும் இருக்க மாட்டாள் என்பதால், அவருக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமாக இராது. இந்தப் பேச்சை மகளை அருகில் வைத்துக்கொண்டோ, மற்றப் பெற்றோர் காதில் விழும்படியோ பேச வேண்டாம். மகளிடம் வகுப்பின் முன் இதைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்றும் ஆசிரியையிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு நீங்கள் கேளுங்கள். அவள் யார் பக்கத்தில் உட்காருகிறாள், மதியச் சாப்பாட்டை யாரோடு பகிர்ந்துகொள்கிறாள், எந்தப் பாடவேளையில் முகம் மலர்கிறது? இந்தக் கேள்விகளுக்கு ஆசிரியை சொல்லும் பதிலிலிருந்து மகளின் பள்ளி வாழ்க்கை உங்களுக்குத் தெரியவரும். பதில் சொல்லும் விதத்திலிருந்து அந்த ஆசிரியையும் தெரியவருவார். உடனே பதில் சொல்லத் தெரியாமல், 'கவனித்துச் சொல்கிறேன்' என்றால் அதுவும் நல்ல பதில்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேளுங்கள்.

உங்கள் கணவரும் ஒரு நாள் வர வேண்டும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதால், ஒவ்வொரு ஆண்டும் பள்ளி திறக்கும் வேளையில் அவர் பெரும்பாலும் கரையில்தான் இருப்பார். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பின் புது ஆசிரியையைப் பார்க்க இருவருமாகப் போங்கள். அதுவரை காத்திருக்காமல், இந்த ஆண்டே படகு போகாத நாளாகப் பார்த்து, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு அவரை அனுப்பிவைக்கலாம். அப்பா பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருப்பதைத் தன் கண்ணால் பார்ப்பது இந்தப் பிள்ளைக்கு மிகவும் தேவை.

மதத்தைப் பற்றிய தயக்கத்துக்கு வருகிறேன். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், வீட்டை விட்டு வந்து, கிறிஸ்தவப் பள்ளியான இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, தனக்கு ஊக்கம் தந்த ஆசிரியராக அய்யாதுரை சாலமனைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். கலாமின் தந்தை படகு வைத்திருந்தவர், பள்ளிவாசலில் தொழுகை நடத்தியவர். நம் பகுதியில் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பது தலைமுறைகளாக நடந்துவருவது. பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியே நடக்கும். அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறாரை மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு கூறுகிறது. மனதில் ஏதேனும் உறுத்தல் இருந்தால் தலைமையாசிரியையிடம் மரியாதையாக, நேராகக் கேட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தில் பேசி அது வேறு வடிவத்தில் பள்ளிக்குப் போய்ச் சேருவதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக, கையில் கொண்டுபோவது பற்றி. முதல் சந்திப்புக்கு ஒன்றும் வேண்டாம். நல்ல நண்டும் இறாலும் கிடைக்கும் வீட்டிலிருந்து போகும்போது வெறுங்கையோடு போவது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் உதவி கேட்டு வரும் நாளில் கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஆசிரியைக்குச் சங்கடமாக இருக்கும். மறுத்தால் உங்கள் மனம் புண்படும். கிறிஸ்துமஸ் அன்று ஒரு வாழ்த்து, ஆசிரியர் தினமான செப்டம்பர் 5 அன்று மகள் கையால் எழுதிய ஓர் அட்டை, இவை போதும். மீன் கொடுத்தே தீர வேண்டும் என்று தோன்றினால், முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, அவர் உங்கள் மகளின் வகுப்பாசிரியையாக இல்லாமல் ஆன பிறகு கொடுங்கள்.