லேபில் வளரும் சிறுநீரகம்: வாசகர் கேள்விகள்

அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஸ்டெம் செல்லில் சிறுநீரகம் வளர்க்கிறார்களாமே, பொருத்த முடியுமா சார்? (பாலக்கோடு)

இப்போதைக்கு முடியாது. ஸ்டெம் செல் என்பது பலவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். அதிலிருந்து வளர்வது முழுச் சிறுநீரகம் இல்லை, கொள்ளு அளவுக்கு ஒரு திசு உருண்டை, அவ்வளவுதான். நம் சிறுநீரகம் ஒன்றில் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டிகள் இருக்கும். இந்த உருண்டை அதன் பக்கத்தில்கூட வராது. சிறுநீர் வெளியேற அதில் வழியும் கிடையாது. அப்பாவின் பெயர் டிரான்ஸ்டான் (தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையம்) பட்டியலில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் மருத்துவமனையில் கேளுங்கள்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள். பரம்பரை நோய் என்கிறார்கள். இந்த ஆராய்ச்சியால் எங்களுக்கு என்ன லாபம்? (ஓசூர்)

இந்தத் திசு நன்றாகப் பயன்படுகிற இடமே உங்கள் வீட்டு நோய்தான். பெரும்பாலும் பிகேடி1 அல்லது பிகேடி2 மரபணுவில் வரும் கோளாறு அது. நல்ல ஸ்டெம் செல்லில் கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் அந்த ஒரு மரபணுவை மட்டும் கெடுத்துத் திசு வளர்த்தார்கள், சிறுநீரகக் குழாய்களிலிருந்து நீர்க்கட்டி கிளம்பியது. 2015இல் வெளியான வேலை இது. மற்ற எல்லா மரபணுவும் அப்படியே இருப்பதால், பக்கத்துக் கிண்ணத்தில் மரபணு கெடாமல் வளரும் திசுவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் எதனால் என்பதில் குழப்பமே வராது. அப்புறம் 2017இல் இன்னொன்றும் தெரிந்தது. தட்டில் ஒட்டி வளரும்போது அபூர்வமாகத் தெரிந்த கட்டிகள், திசுவைப் பிரித்து மிதக்கவிட்டதும் ஏராளமாக வந்தன, ஆக மரபணு மட்டுமல்ல, சுற்றியிருக்கும் சூழலும் கட்டியைத் தூண்டுகிறது. புதிய மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் கட்டி சுருங்குகிறதா என்று இதில் பார்க்கலாம். நீங்கள் காத்திருக்க வேண்டாம், வீட்டில் எல்லோரும் பிபி பாருங்கள், ஸ்கேன் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

கருவை அழித்துத்தான் செய்கிறார்களா? (கிருஷ்ணகிரி கல்லூரி மாணவி)

அவசியமில்லை அம்மா. தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றும் வழியை ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதச் செல்லிலும் காட்டினார், 2012இல் நோபல் பரிசு வாங்கினார். ரத்தச் செல்லிலும் இதைச் செய்யலாம்.

எங்கள் ஊர் ஃபுளோரைடு தண்ணீர் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று இதில் பார்க்கலாமே? (பென்னாகரம்)

நல்ல கேள்வி, ஆனால் பாதிதான் முடியும். அதிக ஃபுளோரைடு குழாய்ச் செல்களை உடனடியாக எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கலாம். முப்பது வருடம் போர் தண்ணீர் குடித்ததன் விளைவை, கருவில் மூன்று மாதச் சிறுநீரகத்தின் பக்குவத்தில் இருக்கும், சில வாரமே வளர்ந்த திசுவிடம் கேட்டால் எப்படிச் சொல்லும்? சர்க்கரை, பிபியால் மெல்ல வரும் சேதத்துக்கும் இதே சிக்கல்தான். ஒன்று நிச்சயம்: ஃபுளோரைடை வெளியேற்றுவதே சிறுநீரகம்தான், அது பழுதானால் உடம்பில் இன்னும் தங்கும். கொதிக்கவைத்தாலும் ஃபுளோரைடு போகாது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிக்க அதையே பிடித்து வையுங்கள்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) இறங்குமாம், லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். (ஊத்தங்கரை)

கொடுக்காதீர்கள். சிறுநீரக நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை கிடையாது. அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே இப்படி ஊசி போடக்கூடாது என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலே சொல்கிறது. பரிசோதனை என்று சொன்னால் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு) பதிவு எண் கேளுங்கள், அப்புறம் ஏன் பணம் கேட்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.