கேள்வி நேரம்: உதவித்தொகை யாருக்கு, விடுபட்டவர் யார்?

அரசு உதவித் திட்டங்களைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மற்றவை அடுத்த இதழில்.

கேள்வி: கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு பின்கட்டில் குடியிருக்கிறோம். வீட்டு ஆச்சி சென்னையில் இருக்கிறார்கள், விசேஷம் என்றால்தான் வருவார்கள். எங்கள் ரேஷன் கார்டு அந்த வீட்டு முகவரியில் இருக்கிறது. மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுத்தேன், கரண்ட் அதிகம் என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அந்தக் கரண்டை நாங்களா எரித்தோம்?
— வாசகி, கானாடுகாத்தான்

பதில்: நீங்கள் எரிக்கவில்லை, சகோதரி. கோபப்படுவதற்கு உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று இந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த விதிகள் இவை: 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்கு மேல் இருக்கக் கூடாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். அதாவது இரண்டு மாத ரீடிங்கில் சராசரியாக 600 யூனிட். ஒரு சாதாரண வீட்டுக்கு அது தாராளம். ஆனால் கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் விடுகிற ஒரு வீட்டில், வளவு (உள்முற்றம்) முழுக்க விளக்குப் போட்டு மோட்டாரும் ஓடினால், ஒரே வாரத்தில் எங்கேயோ போய்விடும்.

இப்படி ஒரு விதி ஏன் வந்தது என்றால், சம்பளச் சீட்டு இல்லாத வீட்டின் வருமானத்தை யாராலும் சரியாகக் கணக்கெடுக்க முடியாது. களை எடுப்பு, மில் வேலை, கொத்தனாருக்குச் சித்தாள் என்று மாதத்துக்கு மாதம் மாறுகிற வருமானம் அது. அதனால் பல நாட்டு அரசுகளும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களை எடுத்துக்கொள்கின்றன: கார், நிலம், கூரை, மின்கட்டணம். இந்தோனேசியாவில் 640 ஊர்களில் இதைச் சோதித்துப் பார்த்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். சில ஊர்களில் அடையாளக் கணக்கு, சில ஊர்களில் ஊர்க்காரர்களையே கூட்டி உட்காரவைத்து யார் வீட்டில் கஷ்டம் அதிகம் என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஒவ்வொரு குடும்பமும் செய்கிற செலவை வைத்து யார் ஏழை என்று பார்த்தால் அடையாள முறைதான் கொஞ்சம் துல்லியம். ஆனால் மக்கள் நிறைவாக ஏற்றுக்கொண்டது ஊர்க்கூட்ட முறையைத்தான். உங்கள் விஷயத்தில் ஊரைக் கூட்டிக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும், அந்த வீடு யாருடையது, அதில் நீங்கள் யார் என்று தெரியாதவர் அங்கே உண்டா?

சரி, இப்போது செய்ய வேண்டியது. தள்ளுபடியான மனுவுக்கு 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று திட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ஊர் இருக்கிற காரைக்குடி வட்டம் தேவகோட்டைக் கோட்டத்தில் வருகிறது. நாள் கடந்திருந்தால் சிவகங்கையில் திங்கட்கிழமை நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மனுவில் 'நான் ஏழை, உதவுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'இந்த மின் இணைப்பு எங்கள் குடும்ப அட்டையில் உள்ள யார் பெயரிலும் இல்லை' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். மின் கட்டண ரசீதின் நகல், வீட்டு வரி ரசீதின் நகல், இரண்டும் ஆச்சி பெயரிலோ அவர்கள் குடும்பத்தார் பெயரிலோ இருக்கும், கூடவே நீங்கள் காவலுக்கு இருப்பவர்கள் என்று ஆச்சி கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். ஆச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வீட்டைக் காத்துக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் அந்தக் கடிதத்தை உடனே எழுதிக் கொடுங்கள், அதனால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

விதியையே மாற்ற வேண்டும் என்பதுதான் என் கருத்து. அட்டையில் உள்ளவர் பெயரில் இணைப்பு இருந்தால் மட்டும் யூனிட்டைக் கணக்கில் எடுக்கட்டும். ஆளில்லாத பெரிய வீடுகளும் அவற்றைக் காக்கிற குடும்பங்களும் இத்தனை இருக்கிற நம் பகுதியில் இது ஒருத்தர் இரண்டு பேர் பிரச்சினையாக இருக்க முடியாது.

கேள்வி: மாதம் ஆயிரம், இலவச அரிசி, நூறு நாள் வேலை என்று கொடுத்துக்கொண்டே போனால் யார் வேலைக்கு வருவார்கள்? நடவுக்கு ஆள் இல்லை. கொடுக்கிற பணமும் டாஸ்மாக்குக்குத்தான் போகிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: ஐயா, ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய் சொச்சம். அதை நம்பி யாரும் கூலி வேலையை விட முடியாது. இது என் ஊகம் மட்டும் இல்லை. அபிஜித் பானர்ஜியும் (2019-ல் பொருளாதார நோபல் பெற்ற மூவரில் ஒருவர்) அவருடன் மூன்று ஆய்வாளர்களும், 6 வளரும் நாடுகளில் நடந்த 7 பண உதவித் திட்டங்களின் தரவுகளைத் திரும்ப எடுத்து அலசி 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அவற்றில் ஆதாரம் கிடைக்கவில்லை. சாராயம், புகையிலை விஷயத்தில் உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் உதவிப் பணத்தால் அந்தச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. நம் மாநிலத்தில் பணம் நேராகக் குடும்பத்துப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிக்கிற ஆண் அதற்கு முன்பும் குடித்தார், இப்போதும் குடிக்கிறார். அந்தத் துயரம் வேறு, அதற்கு இந்த ஆயிரத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு ஆய்வை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்தது. 464 விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு ஒரு தடவை, அறுவடைப் பணம் கைக்கு வந்தபின் ஒரு தடவை, அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அதே ஆள், அதே படிப்பு. கையில் காசில்லாத மாதத்தில் மதிப்பெண் குறைவு, காசு வந்தபின் அதிகம். சயின்ஸ் இதழில் 2013-ல் வந்தது. வறுமையில் இருப்பவர் தப்புத் தப்பாக முடிவெடுக்கிறார் என்று நாம் திட்டுகிறோமே, அதில் பெரும்பங்கு அந்த நெருக்கடியே செய்கிற வேலை. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது பிள்ளையின் ஃபீஸ், மாமியாரின் மருந்து, மளிகைக் கடை பாக்கி எல்லாவற்றையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொண்டு நிதானமாக யோசிக்க யாராலும் முடியாது. மாதம் 15-ஆம் தேதி வாக்கில் உறுதியாக ஒரு தொகை வரும் என்ற நம்பிக்கைக்கு, அந்தத் தொகையைவிட மதிப்பு அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

நூறு நாள் வேலையைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். அந்தத் திட்டம் நன்றாக நடந்த மாநிலங்களில் விவசாயக் கூலி உயர்ந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நிலம் வைத்திருப்பவருக்கு அது கஷ்டம்தான், கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் எடுக்கிற நம் பக்கத்துச் சம்சாரிக்கு இன்னும் கஷ்டம். ஆனால் அதே உயர்வுதான் நடவு நட்ட பெண்ணின் மடியில் போய் விழுந்தது. ஆள் கிடைக்காததற்கு இளவட்டங்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டதும் ஒரு பெரிய காரணம் இல்லையா, ஐயா?

கேள்வி: காரில் வந்து ரேஷன் அரிசி வாங்குகிறார்கள். ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் என்ன?
— வாசகர், புதுவயல்

பதில்: 1997-ல் மத்திய அரசு அதைத்தான் செய்தது, வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று அட்டையைப் பிரித்தது. தமிழ்நாடு ஒத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கடையைத் திறந்தே வைத்தது. பிரித்த மாநிலங்களில் என்ன ஆயிற்று என்றால், 2004-05 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுக்கக் கிராமத்து ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அந்த ஏழை அட்டையே இல்லை! காரில் வருகிற ஒருவரைத் தடுக்கப் போய் அட்டை வாங்கத் தெரியாத ஒரு கிழவியை வெளியே தள்ளினால் அது எனக்குச் சம்மதம் இல்லை. வசதியானவர்களில் பலர் சர்க்கரை கார்டுக்கு மாறிக்கொள்கிறார்கள், அப்படி மாற்றிக்கொள்வதை இன்னும் எளிதாக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு திட்டம் பலன் தந்ததா, இல்லை, காலப்போக்கில் தானாக நிலைமை மாறியதா என்று எப்படிப் பிரித்துக் கண்டுபிடிக்கிறார்கள்?
— பொருளாதார மாணவர், காரைக்குடி

பதில்: தம்பி, நல்ல கேள்வி. மெக்சிகோவில் 1997-ல் புரோகிரேசா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் போனால் தாய்க்குப் பணம். எல்லா ஊருக்கும் ஒரே நாளில் கொடுக்கக் காசில்லை, அதனால் ஆய்வுக்கு எடுத்த 506 ஊர்களில் குலுக்கல் போல 320 ஊருக்கு முதலில் கொடுத்து, 186 ஊருக்குத் தள்ளி வைத்தார்கள். இரண்டு பக்கமும் மழை ஒன்று, விலைவாசி ஒன்று, வித்தியாசம் திட்டம் மட்டும்தான். முதலில் பெற்ற ஊர்களில் பள்ளிச் சேர்க்கை, முக்கியமாக உயர்வகுப்புக்குப் போகிற பெண்பிள்ளைகளின் சேர்க்கை கூடியது. ஆட்சி மாறியும் அந்தத் திட்டம் பல வருஷம் நின்றதற்கு அந்தக் கணக்கு ஒரு காரணம்.

குலுக்கல் இல்லாமலும் சில நேரம் தெரியவரும். அமெரிக்காவில் 2021-ல் குழந்தை வரிச்சலுகையை ஒரு வருஷத்துக்கு மட்டும் உயர்த்தி, வேலையில்லாத பெற்றோருக்கும் சேர்த்து, ஆறு மாதம் மாதாமாதம் பணமாகவே அனுப்பினார்கள். அந்த வருஷம், அரசு உதவிகளையும் வருமானத்தில் சேர்த்துக் கணக்கிடுகிற துணை வறுமை அளவீட்டின்படி, குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்கியது. நீட்டிக்காமல் விட்டார்கள், 2022-ல் 12.4 சதவீதம். கொரோனா கால உதவிகள் வேறு சிலவும் சேர்ந்தே நின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனாலும் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல்! நம் காலை உணவுத் திட்டம், புதுமைப்பெண் இவற்றுக்கெல்லாம் இப்படி ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்க உங்களைப் போன்ற பிள்ளைகள் வேண்டும். எடுக்கும்போது பணம் வாங்கியவர்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல், மனு தள்ளுபடியான வீட்டுக்கும் போங்கள்.

கேள்வி: முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசு பங்கு எவ்வளவு?
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: தமிழ்நாட்டில் 1962-ல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023 ஆகஸ்டிலிருந்து 1200. மத்திய திட்டத்தில் வருகிறவர்களுக்கு அதில் மத்திய அரசு தருவது 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய், 80-க்கு மேல் 500. அந்த 200 ரூபாய் ஏறக்குறைய இருபது வருஷமாக அப்படியே நிற்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் இதைக் கேட்காமல் விடக் கூடாது.

கேள்வி: என் மாமியார் ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவர். ரேஷன் கடையில் கைரேகை விழவே மாட்டேன் என்கிறது. 'நாளைக்கு வா' என்று அனுப்பிவிடுகிறார்கள்.
— வாசகி, ஆத்தங்குடி

பதில்: சிமெண்டிலும் தண்ணீரிலும் ஊறிய விரலில் ரேகை தேய்ந்துபோவது சகஜம். கண்ணாடித் தகட்டில் வர்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டைக் கொட்டி அமுக்கி, காயவைத்துத் தண்ணீரில் போட்டெடுக்கிற அந்த வேலையை ஒரு தடவை பார்த்தவர்களுக்கே இது புரியும். ஜார்க்கண்டில் ஆதார் கைரேகை முறை வந்தபின் என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரன் குழுவினர் ஆராய்ந்தார்கள். திருட்டைத் தடுக்கக் கொண்டுவந்த முறை, தகுதியுள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைக்க வேண்டியதையும் சேர்த்து வெட்டியது என்று எழுதினார்கள்.

கடையில் கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் அதில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வரவே முடியாத முதியவர் என்றால் அவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்குவதற்கு அங்கீகாரப் படிவம் இருக்கிறது, நிரப்பி வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நடக்கிற பொது விநியோகக் குறைதீர் முகாமில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். அதுவரை 'நாளைக்கு வா' என்று சொன்னால் கடையில் நின்றபடியே 1967 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள், புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.