ஸ்பானிஷில் கோள்களின் பெயர்களையும் வானியல் சொற்களையும் எளிதாக நினைவில் வைப்பது எப்படி?

கிழமைகளில் இருந்து தொடங்குங்கள். நான் அது தெரியாமல் கோள்களின் பட்டியலை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன். ஒரு வாரம் ஆகியும் மெர்கூரியோவைத் தாண்டவில்லை.

அப்புறம் வகுப்பில் கிழமைகள் வந்தன. மார்தெஸ் என்றால் செவ்வாய்க்கிழமை, மார்தே என்றால் செவ்வாய்க் கோள். அட, நம்ம கணக்குத்தானே! லூனெஸ் திங்கள், லூனா நிலா. மியேர்கொலெஸ் புதன், கோள் மெர்கூரியோ. ஹுவேவெஸ் வியாழன், கோள் ஹூப்பித்தெர். பியேர்னெஸ் வெள்ளி, கோள் பேனுஸ். (எழுதுவது ‘வி’, வாயில் வருவது ‘பி’.) ஆங்கிலம் வழியாகப் படித்தால் இது கண்ணில் படாது. டியூஸ்டேயில் மார்ஸ் எங்கே இருக்கிறது?

சனியும் ஞாயிறும் மட்டும் கை கொடுக்காது. சாபாதோ யூதர்களின் ஓய்வு நாளில் இருந்து வந்தது, தொமிங்கோ ஆண்டவரின் நாள். அதனால் சத்தூர்னோ (சனி), சோல் (சூரியன்) இரண்டையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். பூமி தியெர்ரா, மண்ணுக்கும் அதே சொல்தான். 1781இல் கண்டுபிடித்த யுரேனஸ் உரானோ, 1846இல் கண்டுபிடித்த நெப்டியூன் நெப்தூனோ. இவற்றுக்குக் கிழமையும் இல்லை, சிரமமும் இல்லை.

சிரமம் எல்லாம் ஆண்பால் பெண்பாலில்தான். ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால் என்று ஒரு குருட்டுக் கணக்கு வைத்திருப்போம். ஆனால் கோளைக் குறிக்கும் பிளனேத்தா ஆண்பால், முன்னால் ‘எல்’ போட வேண்டும்; ‘லா’ பெண்பாலுக்கு. கொமேத்தா இன்னும் மோசம். 2020 ஜூலையில் நியோவைஸ் வால்நட்சத்திரம் பேச்சாக இருந்த நேரம், ஆன்லைன் வகுப்பில் நான் ‘லா கொமேத்தா’ என்று ஆரம்பித்து அதன் வால் எவ்வளவு நீளம், எந்தத் திசையில் தெரிகிறது என்றெல்லாம் அளந்தேன். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, நூல் யார் கையில் இருக்கிறது?” என்றார். ‘எல் கொமேத்தா’தான் வால்நட்சத்திரம். ‘லா கொமேத்தா’ காற்றாடி. இரண்டுக்கும் வால் இருப்பதால் கடைசி வரை எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தமிழில் நேராகப் பொருந்தும் சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். விடிவெள்ளிக்கு ‘லுசேரோ தெல் ஆல்பா’, அதாவது விடியலின் வெள்ளி. தேனிலவு அப்படியே ‘லூனா தே மியேல்’, தேனின் நிலா.

மார்தெஸை மறக்காமல் இருக்க ஸ்பானிஷ் பழமொழி ஒன்றே போதும்: “என் மார்தெஸ், நி தே காசெஸ் நி தே எம்பார்கெஸ்.” செவ்வாயன்று கல்யாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே என்று அர்த்தம். செவ்வாயில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்க விடாத என் அம்மாச்சியிடம் இதைச் சொன்னேன். “பாரு, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, உனக்குத்தான் தெரியல” என்றார்.