தடுமாறும் முதிய மருத்துவரைத் தடுக்க வேண்டியது யார்?

அவரே உணர்ந்து விலகுவார் என்று நம்பியிருக்க முடியாது. அந்தத் தன்னுணர்வையே மறதி நோய் பல சமயம் பறித்துவிடுகிறது.

நெஞ்சறையைத் திறந்து அறுவை செய்ய வழி கண்ட மேதை ஃபெர்டினாண்ட் சாவர்புரூக். பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில், மூளைத் தேய்வு முற்றிய பிறகும் அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. உடனிருந்தவர்களுக்குத் தெரியும், அவருடைய புகழுக்கு அஞ்சித் தயங்கினார்கள். 1949இல்தான் பதவியிலிருந்து விலக்கினார்கள். மயக்கத்தில் படுத்திருந்த நோயாளியிடம் யாரும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனை 70 வயதும் அதற்கு மேலும் ஆன தன் மருத்துவப் பணியாளர்களைச் சோதித்தது; 141 பேரில் 18 பேருக்குக் கவலைக்குரிய அறிவாற்றல் குறைபாடு. இது வயதுப் பாகுபாடு என்று 2020இல் வழக்கும் வந்தது. அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் சோதனை வேண்டும் என்பேன். தவறியவரை அவமதிக்காமல் கற்பித்தலுக்கு மாற்றலாம்.